பெட்டி வந்தது, சந்தை வரவில்லை

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் கூடத்தில் பல பத்தாண்டுகள் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்தது. ஒருவர் கூவி விலை கேட்பார், இன்னொருவர் கூவி ஒப்புவார். வயநாட்டிலும் இடுக்கியிலும் கொடியில் காய்த்துக் கொண்டிருக்கும் மிளகுக்கு இந்தக் கூடத்தில் விலை முடிவாகும். 1997-ல் பன்னாட்டு ஒப்பந்தங்களும் இங்கே தொடங்கின. 2003-க்குப் பிறகு கணினி வழியாக நடக்கும் தேசியப் பண்டச் சந்தைகள் வந்தன. வணிகம் மெல்ல மெல்லத் திரைகளுக்கு நகர்ந்தது, கூடத்தில் கூவல் ஓய்ந்தது. கட்டடம் இடியவில்லை, சங்கத்தை யாரும் விரட்டவில்லை. விற்பவரும் வாங்குபவரும் வேறோர் இடத்தில் சந்திக்கத் தொடங்கினார்கள். அதோடு சந்தையும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது. சந்தை என்பது சுவரிலும் கூரையிலும் இல்லை, தினமும் வந்து போகிற இரு தரப்பு மனிதர்களிடம் இருக்கிறது என்பதை மட்டாஞ்சேரிக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சின்ன உண்மையை மறந்ததால் எழுந்து விழுந்த ஒரு கருவியின் கதை அமெரிக்காவில் நடந்தது. அதன் பெயர் ஊயா. 2012-ல் 63,416 பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு உருவாக்கிய வீடியோ கேம் கன்சோல் அது. சேர்ந்த தொகை 85,96,474 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 47 கோடி ரூபாய். சொன்ன பெட்டியைச் செய்தார்கள், கடைகளிலும் வைத்தார்கள். அது கடைக்கு வந்த அதே தேதியில், சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூன் 25 அன்று அதன் இணையக் கடை நிரந்தரமாக மூடப்பட்டது. ஊயாவின் வீழ்ச்சிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்: தரம் குறைவு, நிர்வாகம் சரியில்லை, போட்டி அதிகம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஊர் கூடிப் பணம் போட்டு ஒரு பொருளைச் செய்ய முடியும். ஒரு சந்தையைச் செய்ய முடியாது. கேம் கன்சோல் பார்வைக்குப் பொருள், உள்ளுக்குள் சந்தை. கூட்டு நிதி கேட்கும் முயற்சிகள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெருகிவரும் காலத்தில் இந்த வேறுபாடு நம் கைப்பணத்தோடு நேரடித் தொடர்புடையது.

முதலில், கன்சோல் எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்போம். டிவியோடு இணைத்து, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரால் விளையாடுவதற்கென்றே செய்த கணினிதான் கன்சோல். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் கருவிகள் எல்லாம் இந்த வகை. பெட்டியை விற்பதில் இந்த நிறுவனங்களுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். பல நேரம் தொடக்கத்தில் நஷ்டம்கூட. வருமானம் வருவது பிறகு விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும். விளையாட்டைச் செய்தவர் கன்சோல் நிறுவனத்துக்கு ஒரு பங்கு கொடுக்கிறார். மண்டிக்காரர் தரகு எடுப்பது போல என்று சொல்லலாம். விளையாட்டுகள் நிறைய இருந்தால்தான் மக்கள் பெட்டியை வாங்குவார்கள். பெட்டி வாங்கியவர்கள் நிறைய இருந்தால்தான் படைப்பாளிகள் அதற்கென்று விளையாட்டு செய்வார்கள். ஒரு தரப்பு வராவிட்டால் மறு தரப்பும் வராது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதும் இந்தப் பிணைப்பால்தான்: காய் வரும் என்று நம்பி வியாபாரி வருகிறார், வியாபாரி வருவார் என்று நம்பி விவசாயி காய் கொண்டு வருகிறார்.

2012-ல் இந்தச் சந்தைகளின் வாசலில் காவல் பலமாக இருந்தது. சோனி, மைக்ரோசாஃப்ட் கன்சோல்களில் விளையாட்டு வெளியிட அனுமதி வேண்டும், விலை உயர்ந்த மேம்பாட்டுக் கருவி வேண்டும், பெரும்பாலும் ஒரு பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் துணையும் வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சின்ன அறையில் விளையாட்டு செய்பவர்களுக்கு வரவேற்பறை டிவி எட்டாத இடமாக இருந்தது. அந்தப் பூட்டைத் திறப்போம் என்று வந்தது ஊயா. ஜூலி உர்மன் என்ற தொழில்முனைவர் தொடங்கியது. வடிவமைத்தவர் புகழ்பெற்ற இவ் பேஹார். விலை 99 டாலர். உள்ளே கைபேசிகளில் இருந்த என்விடியா டெக்ரா 3 சிப், 1 ஜிபி நினைவகம், கூகுளின் ஆண்ட்ராய்டு மென்பொருள். ஒவ்வொரு பெட்டியும் விளையாட்டு செய்வதற்கான கருவியாகவும் இருக்கும், தனிக் கட்டணம் கிடையாது. எந்த விளையாட்டானாலும் ஒரு பகுதியாவது இலவசமாக ஆடிப் பார்க்கக் கிடைக்க வேண்டும், பிடித்தால் பணம் கொடுக்கலாம். விற்பனையில் 70 சதவீதம் படைப்பாளிக்கு. உண்மையான குறையைக் கண்டு சொன்ன நியாயமான வாக்குறுதி இது. வெறும் விளம்பர வித்தை என்று இதை ஒதுக்குவது நேர்மையாகாது.

அந்த நியாயம்தான் பணமாகக் கொட்டியது. 2012 ஜூலை 10 அன்று கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் ஊயா கேட்டது 9,50,000 டாலர். எட்டு மணி நேரத்திலேயே அது நிறைந்துவிட்டது. ஆகஸ்ட் 9-ல் கணக்கு முடிந்தபோது கேட்டதைப் போல ஒன்பது மடங்கு சேர்ந்திருந்தது. சராசரியாக ஒருவர் கொடுத்தது 135 டாலருக்குச் சற்று அதிகம். பத்திரிகைகள் இதைப் பெரும் நிறுவனங்களுக்கு எதிராக மக்கள் அளித்த தீர்ப்பு என்று எழுதின. அங்கேதான் முதல் தவறான கணக்கு நுழைந்தது. 63,416 என்பது நன்கொடையாளர் பட்டியலாகப் பார்த்தால் மலைக்க வைக்கும் எண். சந்தையாகப் பார்த்தால் மிகச் சிறியது. அடுத்த ஆண்டு நவம்பரில் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் 4, வட அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்திலேயே 10 லட்சம் விற்றது. கூட்டத்தின் ஆரவாரம் கூட்டத்தின் அளவை மறைத்துவிட்டது.

கூட்டு நிதியில் பணம் போடுகிறவர் யார் என்ற கேள்வியையும் இங்கே கேட்க வேண்டும். நமக்குப் பழகிய சீட்டோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகும். கேரளத்தில் அதைக் குறி என்பார்கள். கொச்சி சமஸ்தானம் குறிகளுக்கென்றே தனிச் சட்டம் வைத்திருந்தது, இன்று 1982-ன் மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது, அரசே நடத்தும் கேரள நிதி நிறுவனம் 1969 முதல் சீட்டு நடத்துகிறது. சீட்டில் பணம் ஒரு வட்டத்துக்குள் சுழல்கிறது. போட்டவரே ஒரு நாள் எடுப்பவர். எடுத்த பிறகும் கடைசித் தவணை வரை கட்ட வேண்டிய கடமை அவரை வட்டத்துக்குள் நிறுத்தி வைக்கிறது. மலபாரில் நடக்கும் குறிக்கல்யாணத்திலும் இதே தர்மம்தான்: விருந்துக்கு வந்து மொய் வைத்தவரின் வீட்டு விசேஷத்துக்கு, வாங்கியவர் பெருக்கித் திருப்பி வைக்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் போட்டவர் பங்குதாரர் இல்லை, லாபத்தில் உரிமை கிடையாது. கடன் கொடுத்தவர் இல்லை, திருப்பிக் கேட்க முடியாது. முழு வாடிக்கையாளரும் இல்லை. 2012 செப்டம்பரில் அந்தத் தளமே, தான் ஒரு கடை அல்ல என்று அறிவித்தது. ஒருமுறை கொடுத்தார், உற்சாகப்பட்டார், பெட்டிக்காகக் காத்திருந்தார்; அத்தோடு அவருடைய பங்கு முடிந்தது. அவரை அடுத்த மாதமும் அடுத்த ஆண்டும் உள்ளே இருத்தி வைக்கும் கயிறு எதுவும் அந்த ஏற்பாட்டில் கிடையாது. சந்தைக்குத் தேவையானது அந்தக் கயிறுதான்.

பெட்டி வந்த விதமும் உதவவில்லை. 2013 மார்ச் இறுதியில் பணம் போட்டவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கன்ட்ரோலரின் பொத்தான்கள் மேல்தகட்டில் சிக்கிக் கொள்கின்றன என்று புகார் வந்தது. அதைச் சரிசெய்யக் கடை விற்பனை ஜூன் 4-லிருந்து ஜூன் 25-க்குத் தள்ளிப்போனது. அந்த நாளில் அமெரிக்கக் கடைகளின் அலமாரியில் ஊயா இருந்தது. முதலில் நம்பிப் பணம் போட்டவர்களில் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் காயம் ஆழமானது, ஏனென்றால் ஊயாவுக்காகத் தெருத்தெருவாகப் பேச வேண்டியவர்கள் இவர்கள்தான். ஆனாலும் பணத்துக்குக் குறைவில்லை. மே மாதமே கிளைனர் பெர்கின்ஸ் தலைமையில் முதலீட்டாளர்கள் 1.5 கோடி டாலர் கொடுத்திருந்தார்கள். கூட்டம் கொடுத்ததைவிட அது அதிகம். இதைக் கவனிக்க வேண்டும். ஊயா பணமில்லாமல் சாகவில்லை. பணம் இருந்தபோதே அதற்குள் ஒரு வெறுமை இருந்தது.

அந்த வெறுமையை அளந்து காட்டும் எண், பெட்டி கடைக்கு வந்த அடுத்த மாதமே வந்தது. ஊயாவில் பதிவு செய்தவர்களில் 27 சதவீதம் பேர்தான் ஏதாவது ஒரு விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள் என்று நிறுவனமே சொன்னது. நான்கு பேரில் மூவர் சந்தைக்குள் வந்து, சுற்றிப் பார்த்து, வெறுங்கையோடு போனார்கள். இலவசமாக ஆடிப் பார்க்கும் விதி இதற்கு வழி செய்தது உண்மை. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது: பலர் ஊயாவை வாங்கியது விளையாடுவதற்காக அல்ல, அந்த எண்ணம் பிடித்திருந்ததால். ஒரு கொள்கைக்குக் கொடுத்தவர் கொடுத்ததிலேயே நிறைவடைகிறார். படைப்பாளிகளின் பக்கத்தில் இதன் விளைவைப் பார்க்க டவர்ஃபால் போதும். நால்வர் ஒரே சோபாவில் உட்கார்ந்து வில்லால் சண்டையிடும் அருமையான விளையாட்டு அது. ஊயாவின் மணிமகுடம் என்று எல்லோரும் பாராட்டியது. ஊயாவில் அது விற்றது ஏறத்தாழ 7,000 பிரதிகள். 2014 மார்ச்சில் அதே விளையாட்டு பிளேஸ்டேஷன் 4-க்கும் கணினிக்கும் போனபோதுதான் பரந்த ரசிகர் கூட்டத்தைக் கண்டது. சிறந்த சரக்கு வைத்திருந்த கடைக்காரரே அடுத்த தெருவுக்கு நகர்ந்தால், புதிதாகக் கடை போட யார் வருவார்கள்?

ஊயா நிறுவனத்துக்கும் இது தெரிந்திருந்தது. 2013 ஜூலையில் 10 லட்சம் டாலரில் ஒரு நிதியை அறிவித்தார்கள். கிக்ஸ்டார்ட்டரில் குறைந்தது 50,000 டாலர் திரட்டும் விளையாட்டுக்கு, திரட்டிய அளவுக்கு ஊயாவும் பணம் தரும். பதிலுக்கு அந்த விளையாட்டு சில மாதங்கள் ஊயாவில் மட்டுமே கிடைக்க வேண்டும். கூட்டத்தின் ஆதரவை வைத்தே தரத்தை அளக்கலாம் என்ற நம்பிக்கை இதில் இருந்தது. சில வாரங்களிலேயே சில திட்டங்களுக்குப் பணம் வந்த விதம் சந்தேகத்துக்கு உள்ளானது. மிகச் சிலர் மிகப் பெரிய தொகைகளைப் போட்டிருந்தார்கள், புத்தம் புதிய கணக்குகள் முளைத்திருந்தன. படைப்பாளிகள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். செப்டம்பரில் விதிகளை மாற்ற வேண்டி வந்தது. கடைக்காரர்கள் தாமாக வராத தெருவில், வாடகை கொடுத்துக் கடைக்காரர்களை உட்கார வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சரக்கை நம்பி வந்தவர்களைவிட வாடகையை நம்பி வந்தவர்கள் முந்திக் கொண்டார்கள். ஊயாவின் கதையில் என் வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது: சந்தையைக் காசு கொடுத்து வரவழைக்க முயன்றார்கள், சந்தையின் தோற்றம் மட்டும் வந்தது.

இதற்கிடையே மற்றவை வேகமாக நடந்தன. 2013 ஜூலையிலேயே கூகுள், டிவியில் செருகும் குரோம்காஸ்ட் கருவியை 35 டாலருக்கு விற்கத் தொடங்கியிருந்தது. 2014 ஏப்ரலில் அமேசான், ஊயாவின் அதே 99 டாலருக்கு, சினிமாவும் விளையாட்டும் சேர்ந்த ஃபயர் டிவியைக் கொண்டுவந்தது. ஏற்கனவே கோடிக்கணக்கான வாடிக்கையாளர் வைத்திருந்த நிறுவனங்கள் அவை. 2015 ஜனவரியில் அலிபாபா 1 கோடி டாலர் போட்டது, அதுவும் தாங்கவில்லை. ஏப்ரலில், கடன் கொடுத்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்த நிபந்தனையைக் காக்க முடியாததால் விற்பனைக்கு ஆள் தேடுவதாக உர்மன் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. ஜூனில், சிங்கப்பூரில் பிறந்த மின் லியாங் டான் நடத்தும் ரேசர் நிறுவனம் ஊயாவின் மென்பொருளையும் கடையையும் வாங்கியது, பெட்டியை வாங்கவில்லை. உர்மன் வெளியேறினார். 2019-ல் கடையும் மூடப்பட்டது. வாங்கியதைச் சரிபார்க்கச் சர்வரோடு பேச வேண்டிய விளையாட்டுகள் அதன்பின் இயங்காது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய சரக்கும் சந்தையோடு சேர்ந்து போனது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளைப் பார்ப்போம். பொத்தான் சிக்காமல் இருந்திருந்தால், சொன்ன தேதியில் அனுப்பியிருந்தால், ஊயா பிழைத்திருக்கும் என்பது முதல் மறுப்பு. அதே 2012-ல், அதே தளத்தில், பெபிள் என்ற கைக்கடிகாரத்துக்கு 68,929 பேர் 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் நன்றாக இருந்தது. பயன்படுத்தியவர்கள் உயிராக நேசித்தார்கள். பின்னும் இரண்டு முறை கிக்ஸ்டார்ட்டரில் கோடிகளைத் திரட்டியது. ஆனாலும் 2016 டிசம்பரில் பெபிள் கடையை மூடி, சொத்துகளை ஃபிட்பிட்டிடம் விற்றது. நல்ல கருவியும் நேசிக்கும் கூட்டமும் இருந்தும், ஆப்பிளும் கூகுளும் நுழைந்த சந்தையில் நிற்க முடியவில்லை. தரக்குறைவு ஊயாவின் முடிவைச் சீக்கிரமாக்கியது என்பதை ஏற்கலாம். தரம் உயர்ந்திருந்தால் முடிவே வந்திருக்காது என்பதைப் பெபிள் மறுக்கிறது.

ஓகுலஸ் வென்றதே என்பது இரண்டாவது மறுப்பு. கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்த மெய்நிகர் கருவிக்கு 2012 ஆகஸ்டில் இதே தளத்தில் 24 லட்சம் டாலர் சேர்ந்தது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அதை 200 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய வெற்றி, எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் பணம் போட்டவர்களுக்கு அந்த 200 கோடியில் ஒரு டாலரும் உரிமை இல்லை. அவர்களில் பலர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார்கள். அந்தக் கருவிக்கான சந்தையைக் கட்டும் வேலை அதன் பிறகு ஃபேஸ்புக்கின் செலவில், ஆண்டுக்கணக்காக, பெரும் நஷ்டத்தைத் தாங்கி நடந்தது. கூட்டம் செய்தது ஒரு மாதிரிக் கருவியை உருவாக்கியதுதான். கூட்டத்தால் எது முடியும், எது முடியாது என்ற எல்லைக்கோட்டை ஓகுலஸ் இன்னும் அழுத்தமாக வரைகிறது.

மூன்றாவது மறுப்பு நம் மண்ணிலிருந்து வருகிறது. எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா குழுவினரும் 1984 முதல் கேரளத்தின் கிராமம் கிராமமாகப் போனார்கள். சாப்ளினின் படத்தைத் திரையிட்டு, நாடகம் போட்டு, துண்டேந்தி மக்களிடம் காசு திரட்டினார்கள். அந்தப் பணத்தில் 1986-ல் வந்தது 'அம்ம அறியான்'. இறந்துபோன இளைஞனின் தாயிடம் செய்தி சொல்ல, வயநாட்டிலிருந்து கொச்சி வரை நண்பர்கள் சேர்ந்துகொண்டே வரும் பயணம் அந்தப் படம். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, குஜராத்தில் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்தைத் தயாரித்தார்கள். கூட்டு நிதி இந்தியாவில் இணையத்தோடு பிறந்ததல்ல. அப்படியானால் அங்கே வென்றது ஏன்? திரைப்படம் முடிந்துவிடும் படைப்பு. எடுத்து முடித்த நாளில் வாக்குறுதி நிறைவேறிவிடுகிறது. ஒடேசா கலைந்தாலும், ஜான் ஆபிரகாம் 1987-ல் மறைந்தாலும், படம் படமாகவே இருக்கிறது. அதுமட்டுமல்ல, துண்டில் காசு போட்டவர்களிடமே படம் திரும்பப் போனது. கொடுத்தவரும் பார்த்தவரும் ஒரே மக்கள். ஊயாவிலோ பெட்டி வந்த நாள்தான் வேலை தொடங்கும் நாள். தேர் செய்ய ஊர் முழுக்க வரி போடலாம். ஆண்டுதோறும் வடம் பிடிக்க ஊர் வந்தாக வேண்டும்.

ஊயா தோற்றாலும் வாசலைத் திறந்துவிட்டதே என்று சொல்பவர்களும் உண்டு. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஊயா கடைக்கு வந்து இரண்டு மாதத்தில், 2013 ஆகஸ்டில், சிறு படைப்பாளிகள் தாங்களே நேரடியாக வெளியிடும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சோனியும் அவர்களை வரவேற்கத் தொடங்கியிருந்தது. அந்தக் காற்றை வீசச் செய்தவற்றில் ஊயாவின் ஆரவாரமும் ஒன்று என்று நம்ப இடமிருக்கிறது. அதன் பலனை நாமும் பார்த்தோம். டொரண்டோவின் சிறிய குழுவான விசை கேம்ஸ், கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த 'வெண்பா', 2023 ஜூலை 31-ல் கணினியோடு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வந்தது. இட்லியும் புட்டும் பிரியாணியும் உலகின் வரவேற்பறைக்குள் போயின. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? சிறு படைப்பாளிக்குத் தேவைப்பட்டது புதிய பெட்டி அல்ல, ஏற்கனவே ஜனம் கூடியிருந்த சந்தைக்குள் நுழைய ஒரு வாசல். ஊயா நோயைச் சரியாகக் கண்டது, மருந்தைத் தவறாகத் தேர்ந்தது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று கொச்சி ஒதுங்க முடியாது. 2012-ல் களமசேரியில் ஸ்டார்ட்அப் வில்லேஜ் தொடங்கியது. அங்கே வளர்ந்த ஓர் இளம் நிறுவனம், கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையையே விசைப்பலகையாக்கும் ஃபின் என்ற மோதிரத்துக்கு 2014-ன் தொடக்கத்தில் இண்டிகோகோ தளத்தில் 1 லட்சம் டாலர் கேட்டது; 2 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. கொச்சியில் பிறந்த எண்ணத்துக்கு உலகம் பணம் கொடுத்தது பெருமைக்குரியது. அப்படிப்பட்ட மோதிரத்துக்கும் ஊயாவின் கேள்விதான் காத்திருக்கிறது: அதை ஏற்கும் கைபேசிகளும் செயலிகளும் யாரால், எவ்வளவு காலம் செய்யப்படும்? நம் சட்டம் இதற்கு இன்னும் விடை தரவில்லை. பணம் போட்டவரைப் பங்குதாரராக ஏற்கும் கூட்டு நிதி பற்றி 2014 ஜூனில் செபி ஒரு கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிட்டது. அது விதிமுறையாக மாறவில்லை. எனவே இங்கே பணம் போடும் சாதாரண மனிதர் பெரும்பாலும் கொடையாளராகவோ முன்பதிவு செய்தவராகவோதான் நிற்கிறார்.

ஆகவே பணம் கேட்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நம் உரிமை. நீங்கள் செய்யப்போவது முடிந்துவிடும் படைப்பா, தொடர்ந்து நடக்க வேண்டிய சேவையா? சேவை என்றால், முதல் நாள் கூட்டம் கலைந்த பிறகு இரு தரப்பையும் தினமும் வரவழைக்கப் போவது எது? நிறுவனம் மூடினால் நான் வாங்கியது என் கையில் இயங்குமா? மூன்றாவதற்கு நல்ல விடை இருக்க முடியும் என்பதைப் பெபிள் காட்டியது. 2018 ஜூனில் ஃபிட்பிட் அதன் சர்வர்களை நிறுத்தியபோது, ரெபிள் என்ற பெயரில் ஒன்றுகூடிய தன்னார்வலர்கள் மாற்றுச் சேவை நடத்தி அந்தக் கடிகாரங்களை ஓட வைத்தார்கள். அது அவர்களின் உழைப்பாலும் நல்லெண்ணத்தாலும் நடந்தது. மூடும் நாளில் சாவியைப் பயனாளரிடம் கொடுப்போம் என்பதைக் கூட்டு நிதி கேட்கும் ஒவ்வொரு கருவியும் முதல் நாளே எழுதித் தர வேண்டும். 63,416 பேரின் உற்சாகத்துக்கு அந்த ஒரு வரி மரியாதையாவது கிடைத்திருக்க வேண்டும்.

1341-ல் பெரியாற்று வெள்ளத்தில் முசிறியின் துறை தூர்ந்தது என்றும், அதன்பின் வணிகம் கொச்சியின் பக்கம் திரும்பியது என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதற்காக யாரும் சந்தா வசூலிக்கவில்லை. ஆழமான நீர் இருந்தது, கப்பல்கள் வந்தன, மிளகு வந்தது. அதைத் தேடி கொங்கணிகளும் குஜராத்திகளும் கச்சி மேமன்களும் யூதர்களும் தமிழர்களும் வந்து மட்டாஞ்சேரியில் கிட்டங்கி கட்டினார்கள். அடுத்தடுத்த பருவங்களிலும் திரும்பி வரக் காரணம் இருந்தது, அதனால் வந்தார்கள். பஜார் ரோட்டின் கிட்டங்கிகள் அந்த வருகைகளின் மேல் எழுந்தவை. ஊயா முதலில் கிட்டங்கியைக் கட்டிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்தது. அடுத்து நம்மிடம் பணம் கேட்டு வரும் இளைஞரின் கையிலிருக்கும் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர் எண்ணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், இரண்டாவது பருவத்தில் உங்கள் துறைக்கு யார் வருவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும்.